தூண் பாறைகள் (கொடைக்கானல்)

திண்டுக்கல் மாவட்டம் கொடைக்கானலில், ஏரியிலிருந்து ஏறத்தாழ 8 கி.மீ. தொலைவில், வனத்துறையின் பராமரிப்பில் உள்ள இடம். காட்டுச் சரிவிலிருந்து மூன்று பெரும்பாறைகள் தோளோடு தோள் சேர்ந்து செங்குத்தாக எழுகின்றன. உயரம் சுமார் 122 மீட்டர் (400 அடி). பழனி மலையின் பாறை பெரும்பாலும் சார்னோக்கைட். பூமியின் அடியாழத்தில் கடும் வெப்பத்தில் உருவான இந்தக் கருங்கல்லைப் பல்லாவரம் குன்றுகளிலும் காணலாம். மேலே கிடந்த நிலம் அரிபட்டுப் பாறை வெளிப்பட்டதும், செங்குத்து வெடிப்புகள் வழியே மழைநீர் இறங்கிக் கல்லைத் தின்றது. தின்னாமல் விட்டதே தூண்களாக நிற்கிறது.

அதே வெடிப்புகள்தான் பாறைகளின் ஊடே ஆழமான பிளவுகளையும் உண்டாக்கின. 1821-இல் ஆங்கிலேய நில அளவையாளர் பி. எஸ். வார்டு குறித்துவைத்த ‘பிசாசின் அடுப்படி’ இந்தப் பிளவுக் குகையே. ‘குணா’ (1991) படத்துக்குப் பின் குணா குகை என்றே எல்லோரும் சொல்கிறார்கள். குகைக்கு வெளியே சோலைமரங்களின் வேர்கள் மண்ணுக்கு மேலே பின்னிப் படர்ந்து கிடக்கின்றன. பாறையைப் போலவே நின்று பார்க்கவேண்டியவை. 2006-இல் பிளவுக்குள் விழுந்த கேரள இளைஞரை அவருடைய நண்பரே இறங்கி மீட்டார். ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ (2024) படம் அந்தக் கதைதான். பிளவுகளைச் சுற்றியுள்ள கம்பிவேலியைத் தாண்டவே கூடாது.

மூடுபனி சில நிமிடங்களில் தூண்களை முழுதாக மறைத்துவிடும். வெயில் தெளிந்த காலைப்பொழுதே பார்க்க உகந்தது.