ஒழுகிய பேனாவின் பெயர்

1945 அக்டோபர் 29. நியூயார்க்கின் கிம்பெல்ஸ் என்ற பெரிய கடையில் ஒரு பேனா விற்பனைக்கு வந்தது. வாங்க முண்டியடித்த கூட்டத்தில் முதல் நாளே ஆயிரக்கணக்கில் தீர்ந்துபோனது. விலை பன்னிரண்டரை டாலர். அன்று அமெரிக்காவில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 40 சென்ட். அதாவது, அந்தக் கூலிக்கு வேலை பார்த்த ஒருவர் முப்பத்தொரு மணி நேரத்துக்கு மேல் உழைத்தால் ஒரு பேனா. கிட்டத்தட்ட ஒரு வாரச் சம்பளம்.

தண்ணீருக்கடியில்கூட எழுதும், இரண்டு வருஷத்துக்கு மை போடவே வேண்டாம் என்று விளம்பரம். போர் முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. புதிதாக எது வந்தாலும் வாங்கிப் பார்க்கும் ஆசை ஊர் முழுக்க இருந்தது. வாங்கிப் பார்த்தார்கள். பேனா ஒழுகியது. எழுதும்போது பாதி எழுத்து விடுபட்டது, எழுதாதபோது சட்டைப்பை நனைந்தது. கார்பன் காப்பியெல்லாம் நன்றாக வரும், மேலே இருக்கும் அசல் மட்டும் வராது என்று ஜோக் அடித்தார்கள்.

அந்தப் பேனாவைச் செய்தவர் மில்டன் ரெனால்ட்ஸ் என்ற சிகாகோ வியாபாரி.

ஆமாம், அந்த ரெனால்ட்ஸ்தான். வெள்ளை உடம்பு, நீல மூடி. தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாருடைய ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தாலும் உள்ளே கிடந்த பெயர். ஒரு வாரச் சம்பளத்துக்கு விற்றபோது ஒழுகிய பேனா, நாற்பது வருஷம் கழித்து பெட்டிக்கடையில் சில்லறைக் காசுக்கு விற்றபோது ஒழுகவில்லை. காசுக்கேத்த தோசை என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும் கணக்கு இங்கே தலைகீழாகிறது. எப்படி?

இதற்குப் பதில் சொல்ல, பேனா முனையில் உட்கார்ந்திருக்கும் ஒரு மில்லிமீட்டர் குண்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

யோசனை என்னவோ ரொம்ப எளிமையானது. ஒரு குழாயில் மை. குழாயின் வாயில் ஒரு சின்னக் குண்டு. தாளில் தேய்த்தால் குண்டு சுழலும், ஒரு பக்கம் மையை எடுத்து மறுபக்கம் தாளில் பூசும். ஜான் லவுட் என்ற அமெரிக்கர் 1888-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். தோல், மரம் மாதிரி சொரசொரப்பான பரப்புகளில் எழுதுவதுதான் அவருக்குத் தேவை. தோலில் எழுதியது. தாளில் எழுதவில்லை. குண்டுக்கும் அதைப் பிடித்திருக்கும் குழிக்கும் நடுவே இடைவெளி கொஞ்சம் கூடினால் மை ஒழுகும். கொஞ்சம் குறைந்தால் குண்டு இறுகிவிடும். மை நீர்த்தால் கொட்டும், கெட்டியானால் வராது. வெயில் காலத்தில் ஒரு மாதிரி, குளிரில் வேறு மாதிரி. அடுத்த ஐம்பது வருஷத்தில் பலர் முயன்று தோற்றது இந்த இடத்தில்தான். யோசனைக்குப் பஞ்சமில்லை. மைக்ரான் கணக்கில் ஒரே அளவாகச் செய்யத்தான் ஆளும் இல்லை, இயந்திரமும் இல்லை.

ஹங்கேரியப் பத்திரிகையாளர் லாஸ்லோ பிரோ, அச்சகத்தில் செய்தித்தாள் மை சீக்கிரம் காய்ந்துவிடுவதைக் கவனித்தவர். அந்த மையைப் பேனாவில் ஊற்றினால் கெட்டியாக நின்றுவிட்டது. வேதியியல் தெரிந்த சகோதரர் ஜியார்ஜியும் அவரும் சேர்ந்து பொருத்தமான மையையும் முனையையும் தேடினார்கள். 1938-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அதே காலத்தில் ஹங்கேரியில் யூதர்களுக்கு எதிரான சட்டங்கள் வந்தன. பிரோ பாரிஸ் வழியாக அர்ஜென்டினா போய்ச் சேர்ந்தார். 1943-ல் அங்கே புதிய காப்புரிமை எடுத்துப் பேனா செய்தார். உயரத்தில் பறக்கும்போது காற்றழுத்தம் குறைந்து இங்க் பேனாக்கள் கக்கிவிடும் என்பதால், பிரிட்டிஷ் விமானப்படையினர் இந்தப் பேனாவை விரும்பிப் பயன்படுத்தினார்கள். இன்றும் பிரிட்டனில் பால்பாயிண்ட் பேனாவுக்குப் பேச்சுவழக்குப் பெயர் 'பைரோ'. அர்ஜென்டினாவில் அவர் பிறந்த செப்டம்பர் 29-ஐ கண்டுபிடிப்பாளர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

1945-ல் அர்ஜென்டினா போன மில்டன் ரெனால்ட்ஸ் இந்தப் பேனாவைப் பார்த்தார். அமெரிக்க உரிமையை எவர்ஷார்ப் என்ற கம்பெனி, எபர்ஹார்ட் ஃபேபருடன் சேர்ந்து, ஏற்கெனவே பெரும் தொகை கொடுத்து வாங்கியிருந்தது. ரெனால்ட்ஸ் காத்திருக்கவில்லை. காப்புரிமையில் மாட்டாமலிருக்க, மை தன் எடையாலேயே கீழே இறங்கும்படி ஒரு மாற்று ஏற்பாட்டைச் செய்து, சில மாதங்களுக்குள் கடைக்கே கொண்டுவந்துவிட்டார். நம் ஐ.டி. பாஷையில் சொன்னால், டெஸ்டிங் முடிக்காமல் புரொடக்‌ஷனில் ஏற்றியாயிற்று. பணம் கொட்டியது. 1947-ல் சொந்த விமானத்தில், ஹோவர்ட் ஹியூஸின் சாதனையை முறியடித்து, உலகத்தையே சுற்றி வந்தார் மனிதர்.

அப்புறம் விலைப்போர். கிம்பெல்ஸ் குறைக்க, எதிர்க்கடை மேசிஸ் குறைக்க, புதுப்புதுக் கம்பெனிகள் நுழைய, மூன்று வருஷத்துக்குள் பன்னிரண்டரை டாலர் பேனா அரை டாலருக்கும் கீழே வந்துவிட்டது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விலை குறைந்ததே தவிர, பேனா மாறவில்லை. அப்போதும் ஒழுகியது. அதாவது 1945-ல் விலை அதிகம், தரம் மோசம். 1948-ல் விலை மலிவு, தரம் அதே மோசம். சந்தை தானாகச் செய்து முடித்தது இவ்வளவுதான். ஜனங்கள் அலுத்துப்போய் இங்க் பேனாவுக்கே திரும்பினார்கள். பால்பாயிண்ட் என்ற யோசனையே அத்தோடு செத்திருக்கலாம்.

சாகாமல் காப்பாற்றியவர் மார்செல் பிக். பாரிஸை ஒட்டிய கிளிஷியில், கூட்டாளி எடுவார் புஃபாருடன் பேனா உதிரிபாகப் பட்டறை வைத்திருந்தவர். உதிரிபாகம் செய்கிறவருக்கு, பேனாவின் எந்தப் பகுதி எழுதுகிறது, எந்தப் பகுதி வெறும் அழகுக்கு இருக்கிறது என்று தெரியும். கைக்கடிகாரப் பாகங்கள் செய்யும் சுவிஸ் இயந்திரங்களை வாங்கினார். பிரோவின் காப்புரிமைக்கு உரிமம் பெற்றார். 1950 டிசம்பரில் தன் பெயரின் கடைசி ஓர் எழுத்தை வெட்டிவிட்டு 'பிக் கிரிஸ்டல்' என்று ஒரு பேனாவை வெளியிட்டார்.

அவர் எங்கெல்லாம் செலவைக் குறைத்தார் என்று பாருங்கள். உலோக உடம்பு இல்லை, பிளாஸ்டிக். பளபளப்பு இல்லை, கண்ணாடி மாதிரி குழாய், அதனால் மை எவ்வளவு மிச்சம் என்று தெரியும். பென்சில் மாதிரி ஆறு பட்டை, அதனால் மேஜையில் உருண்டு விழாது. உடம்பில் ஒரு பொட்டு ஓட்டை, உள்ளே வெளியே காற்றழுத்தம் சமமாகி மை சீராக இறங்க. ஸ்பிரிங் இல்லை, கிளிக் இல்லை, நகாசு இல்லை. மிச்சம் பிடித்த காசையெல்லாம் கொண்டுபோய்க் கொட்டிய இடம் ஒன்றே ஒன்று: முனை. 1961-ல் அந்தக் குண்டையும் எஃகிலிருந்து டங்ஸ்டன் கார்பைடுக்கு மாற்றினார்கள். இரும்பையே அறுக்கும் கருவிகளுக்குப் பயன்படும் பொருள் அது. 2006-க்குள் பத்தாயிரம் கோடி பேனாக்கள் விற்றாயிற்று. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்திலும் ஒன்று இருக்கிறது. அதே பேனாவை வெளியே கடையில் வாங்கினால் காபி காசுகூட ஆகாது.

மலிவான ஒரு பொருள் நன்றாக இருந்தால் 'அதிர்ஷ்டம்' என்கிறோம். 'இந்த விலைக்கு இவ்வளவா!' என்று வியக்கிறோம். எனக்கு அதில் அதிர்ஷ்டம் எதுவும் தெரியவில்லை. எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கவே கூடாது என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிவெடுத்திருக்கிறார். விலை குறைவதற்கும் தரம் கூடுவதற்கும் நடுவே அந்த முடிவு இருக்கிறது. அது இல்லாவிட்டால் 1948-தான்.

முனை அவ்வளவு கஷ்டமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சமீபத்திய சாட்சி உண்டு. உலகத்துக்கே பேனா செய்து தருகிற நாடு சீனா. வருஷத்துக்கு 3,800 கோடி பேனாக்கள். 2013-ல் நிலவில் வண்டியை இறக்கிய நாடும் அதுதான். ஆனால் 2016-ன் தொடக்கத்தில் சீனப் பிரதமர் லி கெச்சியாங் பொதுவெளியில் குறைபட்டுக்கொண்டார்: நம்மால் ஒரு நல்ல பேனா முனை செய்ய முடியவில்லை. குண்டைப் பிடித்திருக்கும் குழிக்கான எஃகு ஜப்பானிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் இறக்குமதி ஆகிக்கொண்டிருந்தது. தையுவான் உருக்காலை ஐந்து வருஷ ஆராய்ச்சிக்குப் பிறகு 2.3 மில்லிமீட்டர் தடிமனில் அந்த எஃகுக் கம்பியைச் செய்துவிட்டோம் என்று 2017 ஜனவரியில் அறிவித்தது. அது அங்கே தேசியச் செய்தி. நிலவுக்குப் போவதைவிட இது கஷ்டம் என்று சொல்லவில்லை. நிலவுக்கு ஒரே ஒரு வண்டி சரியாக அமைந்தால் போதும். பேனா முனை கோடிக்கணக்கில், ஒவ்வொன்றும், மிகச் சல்லிசாக, சரியாக இருக்க வேண்டும். அது வேறு வகைக் கஷ்டம்.

சரி, பேனா ஒழுகாமல் இருந்ததால் யாருக்கு என்ன லாபம்? இதைப் பள்ளிக்கூடத்தில்தான் தேட வேண்டும்.

பிரான்சிலேயே பள்ளிக்கூடங்கள் பிக் பேனாவை உள்ளே விடவில்லை. கையெழுத்து கெட்டுவிடும் என்றார்கள். 1965-ல்தான் கல்வி அமைச்சகம் அனுமதித்தது. நம் ஊரிலும் அதே வாதம், கொஞ்சம் தாமதமாக. எனக்கு வாய்த்த ஆசிரியர்களில் பாதிப்பேர் 'பால்பாயிண்ட்ல எழுதினா கோழி கிளறின மாதிரி இருக்கும்' என்றவர்கள்தான். அதில் உண்மை இல்லாமலில்லை. கெட்டி மைக்கு அழுத்தம் வேண்டும், மூன்று மணி நேரம் அழுத்தி எழுதினால் விரல் வலிக்கும்.

ஆனால் இங்க் பேனா எல்லோருக்கும் ஒரே பேனாவாக இருந்ததில்லை. வகுப்பில் யாரோ ஒருவரிடம் ஹீரோ பேனா இருக்கும், வெண்ணெய் மாதிரி போகும். மற்றவர்களிடம் இருப்பது நிப் பிளந்தது, கழுத்து ஒழுகுவது, தாளைக் கீறுவது. விரலில் நீலம், சட்டைப்பையில் நீலம். இருப்பதே ஒரே ஒரு யூனிஃபார்ம் சட்டை என்றால் அந்தக் கறை சின்ன விஷயம் இல்லை. 'கையெழுத்து நல்லா இல்லை' என்று அந்தப் பையனிடம் சொன்னதில் எத்தனை சதவீதம் கைக்கு, எத்தனை நிப்புக்கு என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

மில்டன் ரெனால்ட்ஸின் அமெரிக்க வியாபாரம் சீக்கிரமே படுத்துவிட்டது. பெயர் மட்டும் பிரான்சில் பிழைத்துக்கொண்டது. அங்கிருந்து எண்பதுகளில் சென்னைக்கு வந்தது. ஜி.எம். பென்ஸ் என்ற சென்னை நிறுவனம் செய்த 045 பேனாவின் உடம்பில் 'ஃபைன் கார்பூர்' என்று எழுதியிருக்கும். படித்தவர்கள், படிக்காதவர்கள் யாரும் அர்த்தம் கேட்டதில்லை. கார்பூர் என்றால் பிரெஞ்சில் கார்பைடு. பேனா எதற்குக் காசு செலவழித்திருக்கிறது என்பதைத் தன் உடம்பிலேயே எழுதிவைத்திருந்தது. மற்றபடி ஒரு வெள்ளைக் குழாய், ஒரு மூடி, ஒரு ரீஃபில். அவ்ளோதான். மக்கர் பண்ணினால் உள்ளங்கையில் வைத்து உருட்டிச் சூடாக்குவோம். தீர்ந்தால் பெட்டிக்கடையில் ரீஃபில் மட்டும் வாங்கிப் போடுவோம். உடைந்தால் குழாயில் காகித உருண்டை வைத்து ஊதுவோம். டெண்டுல்கர் விளம்பரத்தில் வந்தார். அவர் கையில் இருந்ததும் எங்கள் கையில் இருந்ததும் ஒரே பேனா. ஹீரோ பேனா வைத்திருந்த பையனும் கடைசியில் பரீட்சைக்கு இதைத்தான் கொண்டுவந்தான்.

சமத்துவம் என்ற சொல்லை ஒரு பேனாவின் தலையில் ஏற்றத் தயக்கமாக இருக்கிறது. நல்ல பள்ளி, டியூஷன், வீட்டில் படித்தவர் ஒருவர், இந்த வித்தியாசங்கள் எதையும் அது தொடவில்லை. தொட்டது ஒன்றை மட்டும். வீட்டில் முதல் ஆளாகப் பத்தாம் வகுப்பு எழுதப் போன பிள்ளைக்கு, அந்த மூன்று மணி நேரத்தில், கருவி ஒரு சாக்காக இல்லாமல் போனது. ஒரு காலத்தில் வகுப்பில் தடுக்கப்பட்ட அதே பால்பாயிண்டைத்தான் இன்று டி.என்.பி.எஸ்.சி. விடைத்தாளை நிரப்பக் கொண்டுவரச் சொல்கிறார்கள், கருப்பு மையில்.

இதற்கு ஒரு விலையும் இருக்கிறது, அது கடையில் ஒட்டியிருக்காது. ரீஃபில் மாற்றுவது குறைந்து, எழுதித் தீர்ந்ததும் தூக்கிப்போடும் பேனாக்கள் பெருகிவிட்டன. பத்தாயிரம் கோடி பேனா என்றால் பத்தாயிரம் கோடிப் பிளாஸ்டிக் குழாய். நல்ல பொருளை மலிவாகச் செய்யத் தெரிந்தவர்கள், தீர்ந்தபின் அது எங்கே போகும் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அதையும் முடிவெடுத்தே ஆக வேண்டும், தானாக நடக்காது.

2023-ல் ரெனால்ட்ஸ் 045 நிறுத்தப்படுகிறது என்று ஒரு வதந்தி கிளம்பியது. முப்பது நாற்பது வயதுக்காரர்கள் பலர் இழவு விழுந்த மாதிரி புலம்பினார்கள். இல்லை, விற்றுக்கொண்டுதான் இருக்கிறோம் என்று கம்பெனியே மறுக்க வேண்டியிருந்தது.

பொதுத் தேர்வுக்கு முந்தின நாள் எல்லா வீட்டிலும் இரண்டு பேனா வாங்குவார்கள். ஒன்று எழுத, ஒன்று ஸ்பேர். இரண்டையும் பிள்ளையார் முன்னால் வைத்து எடுத்துக்கொண்டு போவோம். பெரும்பாலும் அந்த இரண்டாவது பேனா, மூடி திறக்காமலே வீட்டுக்குத் திரும்பி வந்துவிடும்.