காயப்படக்கூடியவர் யார்?



திருஅவையின் ஆவணங்களிலும் அரசின் சுற்றறிக்கைகளிலும், கல்லூரி செல்லும் நம் பிள்ளைகளின் பேச்சிலும் 'வல்னரபிலிட்டி' என்னும் ஆங்கிலச் சொல் இன்று அடிக்கடி வருகின்றது. இதன் வேர் 'வுல்னுஸ்' என்னும் இலத்தீன் சொல். காயம் என்பது அதன் பொருள். எனவே 'வல்னரபிள்' என்றால் காயப்படக்கூடியவர். அவர் வலுவற்றவர் என்று அந்தச் சொல் கூறவில்லை.

ஆனால் தமிழில் நாம் அதைப் பலவீனம், வலுவின்மை, நலிவு என்றே பெரும்பாலும் சொல்லி வருகின்றோம். 2 கொரிந்தியர் 12ஆம் அதிகாரத்தில் புனித பவுல் தம் உடலில் தைத்த முள்ளைப் பற்றி எழுதும் இடத்தில், பழைய மொழிபெயர்ப்பில் 'பலவீனம்' என்றும், 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தில் 'வலுவின்மை' என்றும் வாசிக்கின்றோம். அங்குள்ள கிரேக்கச் சொல்லுக்கு வலு இல்லாமை என்பதே பொருள். ஆகவே இரண்டுமே சரி. காயப்படக்கூடிய நிலை அதுவன்று.

நாளிதழ்கள் இதை வேறு விதமாய்க் கையாளுகின்றன. மழைக்காலம் வந்தால் நம் கடலூர் மாவட்டத்தில் 'எளிதில் பாதிப்புக்குள்ளாகும் பகுதிகள்' என்று எழுதுவார்கள். தேர்தல் வந்தால் 'பதற்றமான வாக்குச்சாவடிகள்' என்பார்கள். (சாவடிக்கு என்ன பதற்றம்? மிரட்டப்படக்கூடிய வாக்காளருக்குத்தான் பதற்றம்.)

நெய்வேலியில் வாழும் நமக்கு இதன் பொருள் விளங்க அதிக தூரம் செல்ல வேண்டியதில்லை. நம் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கின்றது. அதை இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரை வெடித்து நீர் பீறிட்டுவிடும். தரை சோடை போனது என்று யாரும் சொல்வதில்லை. அதன் மேலிருந்த மண்ணை நாம் எடுத்துவிட்டோம்; கீழிருந்து அழுத்தம் தள்ளுகின்றது. அவ்வளவுதான்.

மனிதருக்கும் இது பொருந்தும். 2020 ஜூலை 1 அன்று இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்து அன்றே 6 பேர் இறந்தனர். காயமுற்றோரில் வேறு சிலர் பின்னர் மருத்துவமனையில் உயிரிழந்தனர். அதே ஆண்டு மே 7 அன்றும் அங்கே கொதிகலன் விபத்து நேர்ந்து உயிர்களைப் பறித்தது. பலியானோரில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருந்தார்கள். நாள் முழுவதும் வெப்பத்தில் நின்று உழைத்தவர்களை நலிந்தோர் என்று எப்படிச் சொல்வது? உடலால் அவர்கள் நம்மில் பலரைவிட வலியவர்கள். அவர்கள் நின்ற இடமே அவர்களைக் காயத்திற்கு உள்ளாக்கியது.

நம் ஊர்ப் பேச்சில் இதற்கு நல்ல சொல் ஒன்று உண்டு: கேட்பாரற்றவர். 'ஏன்னு கேட்க ஆள் இல்லாதவன்' என்பார்கள். விவிலியம் மீண்டும் மீண்டும் சேர்த்துக் கூறும் அந்நியர், அநாதை, கைம்பெண் மூவரும் இத்தகையோரே. ஊர் வாயிலில் பெரியோர் அமர்ந்து வழக்குத் தீர்த்த அக்காலத்தில், அவர்களுக்காக அங்கே பேச உறவினர் இல்லை. லூக்கா 18ஆம் அதிகாரத்தில் நேர்மையற்ற நடுவரிடம் ஓயாமல் செல்லும் கைம்பெண்ணைப் பாருங்கள். அந்த அம்மாவிடம் என்ன வலுவின்மை இருந்தது? நடுவரே அவரிடம் களைத்துப் போனார்! இருந்தும் அவர் தனியாகத்தான் போக வேண்டியிருந்தது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019 மே மாதம் வெளியிட்ட 'வோஸ் எஸ்டிஸ் லூக்ஸ் முந்தி' என்னும் சட்டமும் இக்கருத்துக்கு அருகில் வருகின்றது. நோய், உடல் அல்லது மனக் குறைபாடு, சுதந்திரம் பறிக்கப்பட்ட நிலை ஆகியவற்றால், எப்போதாவது ஒருமுறையேனும், தீங்கைப் புரிந்துகொள்ளவோ எதிர்க்கவோ இயலாதவரை அது காயப்படக்கூடியவர் என்கின்றது. 'எப்போதாவது ஒருமுறையேனும்' என்பதைக் கவனிக்க வேண்டும். அறுவைச் சிகிச்சைக்கு மயக்க மருந்து ஏறிய வேளையில் ஊர்த் தலைவரும் இந்த வரையறைக்குள் வந்துவிடுகின்றார்.

அண்மைக் காலமாக இச்சொல்லுக்கு இன்னொரு வழக்கும் உண்டு. காயப்படுவோம் என்று தெரிந்தும் பிறரிடம் மனம் திறப்பதையும் ஆங்கிலத்தில் இப்படியே அழைக்கின்றார்கள். திருமண ஓலை எழுத வரும் தந்தையர் சிலர், எல்லாம் முடிந்து எழுந்த பிறகு வாசலில் நின்று, "வெட்கத்தை விட்டுச் சொல்றேன், சாமி" என்று தொடங்குவார்கள். அதன்பின் வருவது பெரும்பாலும் கடன், இல்லையேல் குடி. இந்த இரண்டாம் பொருளுக்கு அதைவிடப் பொருத்தமான தொடர் நமக்கு இன்னும் கிடைக்கவில்லை.