ஒயின் பணத்தில் பிறந்த அருங்காட்சியகம்

சிசிலியில் ஒரு கதை சொல்வார்கள். மர்சாலா ஒயின் வணிகத்தில் கொடிகட்டிப் பறந்த பெஞ்சமின் இங்காம், தன்னிடம் வேலை பார்த்த மருமகன் இறந்ததும் இங்கிலாந்திலிருந்த சகோதரிக்கு ஒரு கடிதம் போட்டாராம்: பையன் போய்விட்டான், அடுத்தவனை அனுப்பு. கதை உண்மையோ, கட்டியதோ, அடுத்த மருமகன் ஜோசப் விட்டேக்கர் வந்து சேர்ந்தது உண்மை. 1850-ல் பலெர்மோவில் அவருக்குப் பிறந்த மகனுக்கும் அதே பெயர். வீட்டில் 'பிப்'. ஒரு தீவையே விலைக்கு வாங்கி அருங்காட்சியகம் ஆக்கியவர் இந்தப் பிப்தான்.

காசு வந்த வழி எளியது. நீண்ட கப்பல் பயணத்தில் ஒயின் புளித்துப்போகும். கொஞ்சம் சாராயம் கலந்தால் தாங்கும். ஆங்கிலேய வணிகர் ஜான் வுட்ஹவுஸ் 1773-ல் இந்த வித்தையைக் கண்டு ஏற்றுமதியைத் தொடங்கினார். நெல்சனின் கடற்படையே வாடிக்கையாளர். பின்னால் வந்த இங்காம், லாபத்தை அமெரிக்க ரயில்வே பங்குகள் வரை கொண்டுபோய்ப் போட்டார்.

ஆக, பிப்புக்குச் சம்பாதிக்கும் கவலை இல்லை. பலெர்மோவின் சீசா வட்டாரத்தில், நார்மன் அரசர்கள் 12-ம் நூற்றாண்டில் அரபுப் பாணியில் எழுப்பிய சீசா அரண்மனையிலிருந்து நடந்து போகும் தூரத்தில், வில்லா மல்ஃபித்தானோவைக் கட்டிக் குடியேறினார். உள்ளே டிராய் வீரன் ஈனியாஸின் கதை நெய்த 16-ம் நூற்றாண்டுச் சுவர்த்திரைகள். வெளியே தோட்டத்தில், நம் ஆலமரத்துக்குப் பங்காளி போல விழுது இறக்கி நிற்கும் ஒரு பிரம்மாண்ட ஆஸ்திரேலிய அத்தி. பறவைகளின் மேல் பித்து வேறு. துனிசியாவுக்குப் போய் அலைந்து, அங்குள்ள பறவைகளைப் பற்றி 1905-ல் இரண்டு தொகுதிகள் வெளியிட்டார். பினீசியர் நிறுவிய பழைய கார்த்தேஜ் நகரம் இருந்த மண்ணில் அப்படித் திரிந்தவருக்கு அவர்கள் மேல் ஆர்வம் வந்ததில் வியப்பில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவர் கண்ணில் பட்டது சான் பந்தலேயோ. மர்சாலாவுக்கு வடக்கே, உப்பளங்கள் சூழ்ந்த ஆழமற்ற காயலுக்குள் இருக்கும் சின்னத் தீவு. பழங்காலத்தில் இதுதான் பினீசியரின் மோத்யா நகரம். கி.மு. 397-ல் சிராக்யூஸ் மன்னன் தியோனீசியஸ் அதை அழித்தான். தப்பியவர்கள் எதிர்க்கரையில் லிலிபேயம் என்ற ஊரை அமைத்தார்கள். அதுதான் இன்றைய மர்சாலா. விட்டேக்கர்களுக்குப் பணம் தந்த ஊரே மோத்யாவின் அகதிகள் உண்டாக்கியது! டிராயைத் தோண்டிப் புகழ்பெற்ற ஷ்லீமன் 1875-ல் இங்கே வந்து தோண்டிவிட்டுப் பெரிதாக ஒன்றும் அகப்படாமல் போனார்.

பிப் அவசரப்படவில்லை. தீவு பல சிறு விவசாயிகளின் கையில் துண்டு துண்டாக இருந்தது. ஒவ்வொருவரிடமும் பேசி, நிலத்தை வாங்கிச் சேர்த்து, முழுத் தீவும் கைக்கு வந்த பிறகு, 1906-ல் முறையான அகழாய்வைத் தொடங்கினார். மதில், வாயில், கல்லறைகள், குழந்தைகளின் சாம்பல் வைத்த தாழிகள் என்று ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. கண்டெடுத்தவற்றைப் பலெர்மோ மாளிகைக்கு அலங்காரமாக ஏற்றிப்போகாமல், தீவிலேயே தம் வீட்டை ஒட்டிக் காட்சிக்கு வைத்தார். அருங்காட்சியகம் பிறந்தது அந்த முடிவில்தான். 1921-ல் அகழாய்வைப் பற்றி நூலும் எழுதினார், 1936-ல் காலமானார். மகள் டெலியா 1971-ல் மறைந்தபின் தீவும் மாளிகையும் தந்தையின் பெயரிலான அறக்கட்டளைக்குப் போயின.

தீவின் மிகச் சிறந்த பொருள் அவர் கண்ணில் படவே இல்லை. 1979-ல் மண்ணுக்கடியிலிருந்து எழுந்தது, மெல்லிய மடிப்புத்துணி உடலோடு ஒட்டியிருக்கும் ஓர் இளைஞனின் பளிங்குச் சிலை. ஏறத்தாழ கி.மு. 5-ம் நூற்றாண்டின் முற்பகுதிக் கிரேக்க வேலை. கைகள் இல்லை; தேரோட்டி என்கிறார்கள், எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. 2012 ஒலிம்பிக் சமயத்தில் லண்டன் போய், அங்கிருந்து கலிஃபோர்னியாவுக்கு, எண்ணெய் அதிபர் ஜே. பால் கெட்டியின் பணத்தில் எழுந்த அருங்காட்சியகத்துக்குப் போனது. அதே நிறுவனம்தான் சிசிலியிலிருந்து களவாகக் கடத்தப்பட்ட மொர்கந்தீனா தேவியின் சிலையை 1988-ல் 1.8 கோடி டாலருக்கு வாங்கி, 2011-ல் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. மோத்யா இளைஞன் அங்கே விருந்தாளியாகத்தான் போனான். கெட்டி நிபுணர்கள் அவனைச் செப்பனிட்டு, நிலநடுக்கம் தாங்கும் பீடம் ஒன்றும் செய்து கொடுத்துத் தீவுக்கு அனுப்பிவைத்தார்கள்.