எங்க வீட்டையும் கட்டுவாங்களா சார்?

பதிவு கொஞ்சம் நீளம். ஓய்வு பெற்ற வரலாற்று வாத்தியாரிடம் வேறென்ன எதிர்பார்ப்பீர்கள்!

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். திருமங்கலம் பக்கம் உச்சப்பட்டி முகாமில் இருப்பவன். 1990-ல் இரண்டு வயதில் அம்மா இடுப்பில் உட்கார்ந்து படகில் வந்தவன். இப்போது பெயிண்டிங் வேலை பார்க்கிறான், மகள் பத்தாவது படிக்கிறாள். "சார், ஊருக்கே போயிடலாமான்னு யோசிக்கிறோம். நீங்க என்ன சொல்றீங்க?" என்றான். எனக்குச் சட்டென்று வாய் வரவில்லை. ஏனென்றால் இவனுக்கு ஒருமுறை அவசரப்பட்டுப் பதில் சொன்னவன் நான்.

அது 2003 ஜூன், பள்ளி திறந்த சமயம். அவன் பத்தாம் வகுப்பு. கையில் செய்தித்தாளோடு ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றான். "சார், ஜப்பான்ல கூடி 450 கோடி டாலர் தர்றாங்களாம். எங்க வீட்டையும் கட்டுவாங்களா?" நானும், "கட்டுவாங்கடா, அப்பாவை ரெடியா இருக்கச் சொல்லு" என்றேன்.

அன்று யார்தான் நம்பவில்லை? 1987 ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனேயும் கொழும்பில் ஒப்பந்தம் போட்டு, நம் அமைதிப்படை போய், சண்டையில் சிக்கி, ஏறத்தாழ 1,200 வீரர்களை இழந்து 1990 மார்ச்சில் திரும்பிய கதை உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு 2002 பிப்ரவரியில் நார்வே நடுவில் நின்று போர்நிறுத்தம் கொண்டுவந்தது. துப்பாக்கி ஓய்ந்ததா என்று பார்க்க ஐந்து நார்டிக் நாடுகளிலிருந்து கண்காணிப்பாளர்கள் வந்தார்கள். தாய்லாந்து, ஆஸ்லோ, ஜப்பான் என்று பேச்சுவார்த்தை நடந்தது. 2003 ஜூன் 9, 10 தேதிகளில் டோக்கியோவில் 51 நாடுகளும் 22 சர்வதேச அமைப்புகளும் கூடின. அங்கேதான் அந்த 450 கோடி டாலர் வாக்குறுதி.

ஆனால் செய்தித்தாளில் பாதிதான் படித்திருந்தேன். டோக்கியோவுக்கு முன் ஏப்ரலில் வாஷிங்டனில் ஆயத்தக் கூட்டம் நடந்தது. புலிகள் அமெரிக்காவில் தடை செய்யப்பட்ட இயக்கம் என்பதால் அவர்களுக்கு அங்கே அழைப்பில்லை. அந்த மாதமே பேச்சிலிருந்து விலகினார்கள், டோக்கியோவுக்கும் போகவில்லை. உதவியோ, சமாதானம் முன்னேறினால்தான் முழுதாக வரும் என்ற நிபந்தனையோடு இருந்தது. யோசித்துப் பாருங்கள். இரண்டு தரப்பு இன்னும் சமாதானமாகவில்லை, ஒரு தரப்பு அறையிலேயே இல்லை. கல்யாணச் சாப்பாட்டுக்கு மட்டும் பணம் கட்டியாகிவிட்டது. மார்ஷல் திட்டம் என்று உங்களுக்கு நடத்தினேனே, அது 1948-ல், போர் முடிந்து மூன்று வருடம் கழித்து வந்த பணம்.

பிறகு 2004 டிசம்பர் சுனாமி. நிவாரணத்தைச் சேர்ந்து பங்கிட 2005-ல் அரசும் புலிகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அதன் முக்கியப் பகுதிகளை இலங்கை உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2008 ஜனவரியில் போர்நிறுத்தமும் அதிகாரபூர்வமாக முடிந்து, கண்காணிப்பாளர்கள் மூட்டை கட்டினார்கள். 2009 மே மாதத்தைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். அந்த வாரம் அவன் அப்பா என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை, தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

வீடுகள் அதன் பிறகுதான் வந்தன. இந்தியா 50,000 வீடுகளுக்குப் பணம் கொடுத்தது. பெரும்பகுதி வடக்கிலும் கிழக்கிலும், மீதி மலையகத்தில். முதல் ஆயிரம் வீடுகளை ஒப்பந்தக்காரர்கள் கட்டினார்கள். 2012 அக்டோபரிலிருந்து முறை மாறியது: வீட்டுக்கு 5.5 லட்சம் இலங்கை ரூபாய், வேலை நடக்க நடக்கத் தவணையாக, குடும்பத்தின் வங்கிக் கணக்கிலேயே. கொத்தனாரை அவர்களே பிடித்தார்கள், சமையல்கட்டு எந்தப் பக்கம் என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். வெளிநாட்டு உதவிகளில் எனக்குப் பிடித்தது இதுதான். குறையும் உண்டு. சிமெண்டும் மணலும் விலை ஏறியதில், பலர் நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும்தான் கூரை போட்டார்கள். கண்ணிவெடி அகற்றினார்கள், தண்டவாளம் போட்டார்கள். 24 வருடம் கழித்து 2014 அக்டோபர் 13-ல் யாழ்தேவி ரயில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. அந்தப் பாதையைப் போட்டது நம் இர்கான் நிறுவனம்.

கிளிநொச்சிப் பக்கம் ஊரிலேயே இருந்த இவன் சித்தப்பாவுக்கு அந்தத் திட்டத்தில் வீடு கிடைத்தது. போட்டோ அனுப்பினாராம், முன்னால் ஒரு தென்னங்கன்று. இவர்களுக்கு இல்லை. ஊரில் வந்து குடியேறியவர் பெயர்தான் பட்டியலில் ஏறும், உச்சப்பட்டியில் இருப்பவர் பெயர் எப்படி ஏறும்? 2003-ல் நான் சொன்ன பதிலில் தப்பு எங்கே என்று அப்போதுதான் புரிந்தது. வீடு கட்டினார்கள், ஆனால் அங்கே இருந்தவர்களுக்கு. அப்பா இங்கேயே காலமாகிவிட்டார்.

நம் பக்கமும் ஏதோ நடக்காமல் இல்லை. 2021-ல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்பதை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது, 7,469 வீடுகள் கட்டித் தருவதாகவும் அறிவித்தது. ஆனால் குடியுரிமை கிடையாது. அவன் மகள் இங்கே பிறந்தவள், என்னைவிட நன்றாக மதுரைத் தமிழ் பேசுகிறாள். அவளுக்குக் கிளிநொச்சி, அப்பா சொல்லும் கதை.

போகச் சொல்வதா, இருக்கச் சொல்வதா? "முதல்ல காணி யார் பேர்ல இருக்குன்னு பார்ப்போம்பா" என்று மட்டும் சொன்னேன். அப்பாவின் காணி உறுதி, அதாவது நம் ஊர் கிரயப் பத்திரம், ஒரு பிளாஸ்டிக் பையில் முப்பத்தைந்து வருடமாக அவர்களிடம் இருக்கிறது. இலங்கைச் சட்டப்படி பத்து வருடம் தடையில்லாமல் அனுபவித்தவர் நிலத்தில் உரிமை கோரலாம். இடம்பெயர்ந்தவர்களுக்காக 2016-ல் தனிச் சட்டம் போட்டார்கள், அதற்கும் காலக்கெடு உண்டு. இதெல்லாம் இந்த வாத்தியாருக்கு எட்டாத பாடம்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு அந்தப் பையோடு என் வீட்டுக்கு வருகிறான். என் மாணவர்களில் வக்கீலாக இருப்பவர்கள், யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ தெரிந்த வக்கீல் உள்ளவர்கள், எனக்குப் போன் செய்யுங்கள். நேரில் வந்தால் இன்னும் நல்லது. காலை டிபன் இங்கேதான்.