பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊராட்சித் தேர்தல்கள்

மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை தலைவர் பதவியில் எவரும் நிலைத்து அமர முடியவில்லை. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994இன்படி அப்பதவிகள் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதை அங்கிருந்த ஆதிக்கச் சாதியினர் ஏற்கவில்லை என்பதே காரணம்.

வாக்குச்சாவடியைத் தாக்க வேண்டிய தேவையே எழவில்லை. எவரும் வேட்புமனு கொடுக்காமல் பார்த்துக்கொண்டால் தேர்தல் தானாக நின்றுபோகும். அரசு விடாமல் தேர்தலை அறிவித்தபோது வேறு வழி கண்டனர். ஊர்க்காரர்களே பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவரை நிறுத்தி வெல்லவைப்பார்கள். அவர் பதவியேற்ற கையோடு விலகல் கடிதம் கொடுத்துவிடுவார். அவரைக் கோழை என்பது எளிது. கூலி வேலைக்கு அவர் போக வேண்டியிருந்தது அதே ஊர்க்காரர்களின் வயலுக்குத்தான். மேலூரை அடுத்த மேலவளவில், இவ்வாறு ஒதுக்கப்பட்ட ஊராட்சியின் தலைவரான முருகேசன் உட்பட ஆறு பேர் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டதையும் மறந்துவிடக் கூடாது.

2006இல் மதுரை மாவட்ட ஆட்சியர் த. உதயச்சந்திரன் தம் மாவட்டத்து மூன்று ஊர்களிலும் மக்களிடம் நேரில் பேசினார். அந்த அக்டோபரில் நான்கு ஊராட்சிகளிலும் தேர்தல் நடந்தது. இம்முறை வென்றவர்கள் விலகவில்லை. முதலமைச்சர் மு. கருணாநிதி சென்னையில் சமத்துவப் பெருவிழா நடத்தி அவர்களைப் பாராட்டினார். 2021 அக்டோபர் 2 அன்று பாப்பாபட்டியில் கூடிய கிராமசபையில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் கலந்துகொண்டார்.