சேபா தீவு

சேபா, கரீபியக் கடலின் வடகிழக்கில் உள்ள சிறு எரிமலைத் தீவு. நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சி. பரப்பு 13 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஏறத்தாழ 2,000. தலைநகர் தி பாட்டம். ஆட்சிமொழி டச்சு, மக்கள் பேசும் மொழி ஆங்கிலம். நாணயம் அமெரிக்க டாலர். மலேசியாவின் சபா மாநிலத்துக்கும் இத்தீவுக்கும் தொடர்பில்லை.

நிலம்

சின்ட் மார்ட்டன் தீவுக்குத் தெற்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில், கடலிலிருந்து செங்குத்தாக எழும் ஒரே மலைதான் சேபா. அதன் உச்சியான மவுண்ட் சீனரி ஏறத்தாழ 870 மீட்டர் உயரம். நெதர்லாந்து முடியரசின் மிக உயர்ந்த இடம், கடல்மட்டத்துக்கும் தாழ்ந்த நிலங்களுக்குப் பேர்போன அந்த நாட்டின் ஐரோப்பியப் பகுதியில் இல்லை, இங்கேதான் உள்ளது. மலையேறுவோர் 1,064 படிகளைக் கடந்து உச்சியை அடைகிறார்கள். மேலே முகில் பெரும்பாலும் தங்குவதால் மரக்கிளைகளில் பாசி தொங்கும். பெரணிகள் ஆளுயரம் வளரும்.

தீவில் ஆறு கிடையாது. கூரையில் விழும் மழைநீரை வீட்டடித் தொட்டிகளில் பிடித்து வைப்பதே நெடுங்கால வழக்கம். வெள்ளைச் சுவர், சிவப்புக் கூரை, பச்சைச் சன்னல் என வீடுகள் ஒரே சாயலில் அமைந்திருக்கும். நிலையான மணற்கரையும் இல்லை. வெல்ஸ் பே என்னும் இடத்தில் மட்டும் கோடையை ஒட்டி மணல் ஒதுங்கும்; குளிர்கால அலைகள் அதை வாரிக்கொண்டு போய்விடும்.

ஊர்கள் நான்கு: தி பாட்டம், விண்ட்வர்ட்சைட், செயின்ட் ஜான்ஸ், சயன்ஸ் ஹில். கடைசி ஊரின் பழைய பெயர் ஹெல்ஸ் கேட், அதாவது நரக வாசல். அந்தப் பெயர் இன்னும் பேச்சில் இருக்கிறது. தி பாட்டம் என்றால் ஆங்கிலத்தில் அடிப்பகுதி. ஊரோ கடலுக்கு மேல் 200 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தில் உள்ளது. கிண்ணத்தைக் குறிக்கும் டச்சுச் சொல் ஆங்கிலேயர் வாயில் இப்படித் திரிந்தது என்பது வழக்கமான விளக்கம்.

தொடக்க வரலாறு

மலையின் உயரமான சரிவில் பிளம் பீஸ் என்னும் இடத்தில் நடந்த அகழாய்வு, 3,000 ஆண்டுகளுக்கும் முன்பே மனிதர் இங்கு தங்கியதைக் காட்டியது. அவர்கள் நிலநண்டுகளையும் மலையில் கூடுகட்டும் கடற்பறவைகளையும் பிடித்து உண்டிருக்கிறார்கள். கொலம்பஸ் 1493-இல் இத்தீவைக் கண்டார்; கரையிறங்கவில்லை.

17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அண்டைத் தீவான சின்ட் யூஸ்டேஷியசிலிருந்து டச்சுக்காரர் வந்து குடியேறினர். அவர்களோடு ஆங்கிலேயரும் ஸ்காட்லாந்துக்காரரும் ஐரிஷ்காரரும் கலந்தனர். 1665-இல் ஜமைக்காவிலிருந்து வந்த ஆங்கிலப் படை தீவைப் பிடித்து டச்சுக் குடிகள் பலரை வெளியேற்றியது. அடுத்த ஒன்றரை நூற்றாண்டில் கொடி பலமுறை மாறியது. 1816 முதல் டச்சு ஆட்சி நிலைத்தது. அதற்குள் ஊர்ப்பேச்சு ஆங்கிலமாகிவிட்டிருந்தது.

செங்குத்தான நிலத்தில் பெரிய கரும்புத் தோட்டங்களுக்கு இடமில்லை. ஆயினும் ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டு வயலிலும் வீட்டிலும் சுமைவேலையிலும் ஈடுபடுத்தப்பட்டனர். 1863 ஜூலை 1 அன்று டச்சுக் கரீபியத் தீவுகளில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. இன்றைய சேபா மக்கள் இந்த ஐரோப்பிய, ஆப்பிரிக்க வழிகளின் வாரிசுகள். ஹாசல், ஜான்சன், சிம்மன்ஸ் என்ற சில குடும்பப் பெயர்களே தீவெங்கும் திரும்பத் திரும்ப வரும்.

கடலோடிகளும் இழைப்பின்னலும்

துறைமுகமே இல்லாத காலத்திலும் இத்தீவு கடலோடிகளுக்குப் பெயர் பெற்றிருந்தது. ஆண்கள் கப்பலேறினர்; 20-ஆம் நூற்றாண்டில் அரூபாவின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இன்னும் பலரை இழுத்துக்கொண்டது. ஊரில் எஞ்சியோரில் பெண்களே மிகுதி. அதனால் சேபாவுக்குப் பெண்கள் தீவு என்ற பெயரும் ஏற்பட்டது.

வெனிசுவேலாவின் கராகஸ் நகரக் கன்னியர் மடத்தில் படித்துத் திரும்பிய மேரி ஜெர்ட்ரூட் ஹாசல் ஜான்சன், 1870-களில் ஒரு கைவேலையைத் தீவுக்குக் கொண்டுவந்தார். நெய்த துணியில் சில நூல்களை உருவி எடுத்து, மிஞ்சிய இழைகளை ஊசியால் சேர்த்துக் கட்டிச் சல்லடைபோன்ற பூவேலை செய்வது அது. 1880-களில் ஒழுங்கான அஞ்சல் வசதி வந்ததும், பெண்கள் சரக்குப் பெட்டிகளின் மேல் அச்சிட்டிருந்த அமெரிக்க நிறுவன முகவரிகளைப் பார்த்து எழுதிக்கொண்டு கடிதம் போட்டனர். சேபா லேஸ் என்ற பெயரில் அது அஞ்சல்வழி வணிகமாகி, பல வீடுகளில் அடுப்பெரிய உதவியது.

படி, சாலை, ஓடுதளம்

லேடர் பே என்ற மேற்குக் கரையில் பாறையில் வெட்டிய ஏறத்தாழ 800 படிகள் உள்ளன. படகிலிருந்து பொருளை இறக்குவோர் அலை தணியும் கணம் பார்த்துத் தண்ணீரில் இறங்கி நிற்க வேண்டியிருந்தது. பிறகு அரிசி மூட்டையோ அறைக்கலனோ எதுவானாலும் தலைச்சுமையாகத்தான் மேலேறியது. தெற்கே உள்ள ஃபோர்ட் பே மற்றோர் இறங்குதுறை.

இந்தச் சரிவில் சாலை போட முடியாது என டச்சுப் பொறியாளர்கள் கைவிரித்தனர். ஊர்க்காரரான ஜோசபஸ் லாம்பர்ட் ஹாசல் அஞ்சல்வழிப் பாடமாகச் சாலைப் பொறியியல் படித்தார். 1938-இல் வேலை தொடங்கியது. இயந்திரங்கள் இல்லாமல் கையால் கல்லுடைத்துக் கட்டப்பட்ட முதற்பகுதி 1943-இல் ஃபோர்ட் பேயிலிருந்து தி பாட்டத்தை எட்டியது. 1947-இல் முதல் வண்டி வந்தது. 1958-இல் சாலை ஹெல்ஸ் கேட் வரை நீண்டது. தீவினர் அதற்குத் தனிப்பெயர் வைக்கவில்லை: 'தி ரோடு', அவ்வளவுதான்.

ஃபிளாட் பாயிண்ட் என்ற சிறு சமதளத்தில் ஊரார் கல் பொறுக்கிச் சீராக்கிய தரையில், 1959-இல் விமானி ரெமி டெ ஹேனன் முதன்முதலாக இறங்கினார். 1963-இல் திறக்கப்பட்ட விமான நிலையத்தின் ஓடுதளம் 400 மீட்டர். வழக்கமான பயணிகள் சேவை நடக்கும் ஓடுதளங்களில் உலகிலேயே மிகச் சிறியது. இரு முனைகளிலும் செங்குத்தாகக் கடல். கப்பல்துறை இதற்கும் பின், 1972-இல்தான் அமைந்தது.

ஆட்சியும் வாழ்வும்

2004-இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் 86 விழுக்காட்டினர் நெதர்லாந்துடன் நேரடி இணைப்பை விரும்பினர். 2010 அக்டோபர் 10 அன்று, சேபா அதுவரை அடங்கியிருந்த நெதர்லாந்து ஆன்டில்ஸ் கூட்டமைப்பு கலைக்கப்பட்டபோது, பொனேர், சின்ட் யூஸ்டேஷியஸ் ஆகியவற்றுடன் சேபாவும் சிறப்பு நகராட்சியானது. ஐவர் கொண்ட தீவு மன்றம் உள்ளாட்சியை நடத்துகிறது. 1987-இல் அமைந்த கடற்பூங்காவும், தென்மேற்கே 2,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்த சேபா பாங்க் என்னும் கடலடித் திட்டும் முக்குளிப்போருக்கும் கல் இறால் பிடிக்கும் மீனவர்க்கும் பிழைப்புத் தருகின்றன. 1990-களில் தொடங்கிய மருத்துவக் கல்லூரி வட அமெரிக்க மாணவர்களை அழைத்துவருகிறது.

மொழி

அரசாணை டச்சில் வரும். சந்தையும் தேவாலயமும் ஆங்கிலத்தில் நடக்கும். பள்ளிகளில் டச்சைப் பயிற்றுமொழியாக வைத்த காலத்தில் வீட்டில் கேட்காத மொழியில் பாடம் கேட்கப் பிள்ளைகள் திணறினர்; 1980-களில் ஆங்கிலவழிக் கல்விக்கு மாற்றம் தொடங்கியது. இன்று டச்சு அங்கே வேற்றுமொழிப் பாடமாகவே கற்பிக்கப்படுகிறது. டொமினிக்கன் குடியரசு, கொலம்பியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தோர் ஸ்பானிய மொழியையும் சேர்த்துள்ளனர்.

சேபா ஆங்கிலத்துக்கெனத் தனிச் சாயல் உண்டு. பழைய தலைமுறையின் பேச்சில் 'வி', 'டபிள்யூ' என்ற இரு எழுத்துகளின் ஒலிகள் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வரும். தமிழில் இரண்டுக்கும் வகரமே என்பதால் இந்த வேறுபாட்டை நம் எழுத்தில் காட்ட இயலாது. டச்சும் ஆங்கிலமும் ஒலிப்பில் பிரிவதற்குத் தீவின் பெயரே நல்ல சான்று. எழுத்து ஒன்றுதான், டச்சு அதிகாரி அதைச் 'சாபா' என வாசிக்கிறார், ஊர்க்காரர் 'சேபா' என்கிறார்.