ஒட்டு: பெயருள்ள கிளையும் பெயரில்லாத வேரும்

ஒட்டு என்கிற சொல் தமிழில் பல வேலை பார்க்கிறது. கிழிந்த துணிக்கு ஒட்டுப் போடுகிறோம். நர்சரியில் ஒட்டு மாங்கன்று கேட்டு வாங்குகிறோம். தீக்காயம் பட்டவருக்குத் தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டுகிறார்கள். சண்டை போட்டுக்கொண்ட பங்காளிகள் ‘இனி ஒட்டுமில்லை உறவுமில்லை’ என்று பிரிகிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கேள்வி கிடக்கிறது: இரண்டு சேர்ந்து ஒன்றானபின், அந்த ஒன்றுக்கு யாருடைய பெயர்?

1

மரத்திலிருந்து தொடங்குவோம். விதையில் முளைத்த ஏதோவொரு நாட்டு மாங்கன்று கீழே. மல்கோவாவின் கிளை மேலே. இரண்டையும் சீவி, பட்டைக்கு உள்ளேயிருக்கும் வளர்திசு ஒன்றோடொன்று படும்படி வைத்துக் கட்டுகிறார்கள். கூடினபிறகு நீரும் உப்பும் கீழிருந்து மேலே போகின்றன. ஆனால் காய்ப்பது மல்கோவாதான். சந்தையில் விலை போவதும் அந்தப் பெயர்தான். கீழே இருப்பது என்ன மரம் என்று யாரும் கேட்பதில்லை. கேட்பதில்லை என்பது மட்டுமல்ல, ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடி துளிர்த்தால் உடனே கிள்ளிவிட வேண்டும் என்பது தோட்ட வேலையின் பாலபாடம்.

பிரான்சில் 1860களில், வட அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த பைலோக்சரா என்கிற பூச்சி திராட்சைக் கொடிகளின் வேரைத் தின்று தோட்டம் தோட்டமாக அழித்தது. அந்தப் பூச்சியைத் தாங்கக்கூடிய அமெரிக்க வேர்களின்மேல் பிரெஞ்சுக் கொடிகளை ஒட்டித்தான் தொழிலைக் காப்பாற்றினார்கள். பெரும்பாலான தோட்டங்கள் இன்றும் அந்நிய வேரில்தான் நிற்கின்றன. மண்ணின் மகிமை பேசும் ஒயின் புட்டியில் அந்த வேரின் பெயர் கிடையாது.

2

தோட்டத்துச் சொல்லை அறுவை மருத்துவம் வெளிப்படையாகவே கடன் வாங்கியது. பொலோனா நகரத்துப் பேராசிரியர் தாலியாகோட்சி 1597இல் வெனிசில் வெளியிட்ட நூலின் லத்தீன் தலைப்பில் ‘இன்சிட்டியோ’ என்றொரு சொல் வருகிறது. மரத்தில் ஒட்டுக்கட்டுவதற்கான சொல் அது. மேற்கைத் தோலை ஒரு முனை உடம்பிலேயே இருக்கும்படி உரித்து, மறு முனையை மூக்கிருந்த இடத்தில் தைத்து, கையைத் தலையோடு சேர்த்து வாரக்கணக்கில் கட்டிவைப்பார் அவர். தோல் முகத்தில் பிடித்தபிறகுதான் கையிலிருந்து அறுப்பார். தாய்மரத்திலிருந்து கிளையை வெட்டாமலேயே தொட்டிக்கன்றோடு கட்டிவைத்து, கூடினபின் அறுக்கிற மாங்கன்று முறையும் இதுதான்.

அவரைப் பற்றி உலவிய கதை ஒன்றை ஹெல்மண்ட் 1621இல் எழுதினார். சண்டையில் மூக்கிழந்த பிரஸ்ஸல்ஸ்காரர் ஒருவர் தன் கையை அறுக்கப் பயந்து, கூலிக்குச் சுமை தூக்குகிறவரின் கைத்தோலை விலைக்கு வாங்கி மூக்கு வைத்துக்கொள்கிறார். ஏறத்தாழ பதின்மூன்று மாதம் கழித்து மூக்கு திடீரெனச் சில்லிட்டு அழுகி விழுகிறது. விசாரித்தால், அதே நேரத்தில் அங்கே சுமைகூலி செத்துப்போயிருக்கிறார்! அடுத்தவர் தோலை உடம்பின் எதிர்ப்பாற்றல் ஏற்காது என்பதை 1940களில் மெடவார் விளக்கிவிட்டார். நடப்பாக இது பொய். ஆனாலும் பொருள் பொதிந்த பொய். முகத்தின் நடுவில் உட்கார்ந்திருப்பது கூலிக்காரனின் சதை என்கிற எஜமானனின் பயம் அதில் பேசுகிறது.

3

இனி புனேவுக்கு வருவோம். 1794 அக்டோபரில் லண்டனின் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ இதழில் ‘பி.எல்.’ என்று கையெழுத்திட்ட கடிதம் ஒன்று வந்தது. காவஸ்ஜி என்கிற மராட்டியர் ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டியவர். 1792 போரில் திப்புவின் ஆட்களிடம் சிக்கி மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். (மூக்கறுப்பைத் திப்புவின் தனிக் கொடுமையாக நாம் வாசிக்க வேண்டியதில்லை. திருமலை நாயக்கர் காலத்தில் மதுரைக்கும் மைசூருக்கும் நடந்த சண்டைக்கே மூக்கறு யுத்தம் என்றுதான் பெயர்.) ஓராண்டுக்கும் மேல் மூக்கில்லாமல் இருந்தவருக்குப் புனே அருகே ஒருவர் புது மூக்கு வைத்தார். மெழுகில் மூக்கு செய்து, அதை நெற்றியில் தட்டையாக விரித்து அளவு கீறி, புருவங்களுக்கு நடுவே காம்பு விட்டு, தோலை உரித்துத் திருப்பிக் கீழே இறக்கி, காசுக்கட்டிக் குழம்பு தோய்த்த துணிகளால் ஒட்டி, சுமார் 25ஆம் நாள் காம்பை அறுத்தார்.

இதைப் படித்த கார்ப்யூ 1814இல் லண்டனில் செய்து பார்த்து 1816இல் நூலாக்கினார். உலகம் இதற்கு ‘இந்திய முறை’ என்று பெயர் வைத்தது. நேரில் பார்த்த வெள்ளை மருத்துவர்கள் குரூசோ, ஃபிண்ட்லே, படம் வரைந்தவர் ஜேம்ஸ் வேல்ஸ், நோயாளி காவஸ்ஜி. எல்லோருக்கும் பெயர் இருக்கிறது. அறுத்து ஒட்டியவருக்கு மட்டும் இல்லை. செங்கல் சூளைச் சாதிக்காரர் என்கிறது கடிதம். குயவர் என்கிறார்கள் பின்னால் வந்தவர்கள்.

4

காலனியம் விட்ட இடத்தைத் தேசியம் எப்படி நிரப்பியது? சுஸ்ருதரை வைத்து. சுஸ்ருத சம்ஹிதையில் மூக்கு ஒட்டும் முறை இருப்பது உண்மை. ஆனால் அந்தப் பிரதி சொல்வது இலையால் அளவெடுத்துக் கன்னத்துத் தோலை எடுப்பது. புனேக்காரர் எடுத்தது நெற்றித் தோல். நெற்றி என்கிற தேர்வு சுலோகத்திலிருந்து வந்ததல்ல. கைகள் கைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது. எழுதப்பட்டதே அறிவு, செய்யப்பட்டதெல்லாம் வெறும் வேலை என்கிற பார்ப்பனியப் பாகுபாட்டுக்கு இது புரியாது. வைத்தியர் தரும் சோறு சீழுக்குச் சமம் என்று சொன்னதும் மனுதர்மம்தானே? மருத்துவர்களை இப்படி இழிவாக்கியதன் அரசியலைத் தேவிபிரசாத் சட்டோபாத்யாயா 1977இலேயே விரிவாக எழுதிவிட்டார். தொட்டால் தீட்டு என்று கையை ஒதுக்கிவிட்டு, அந்தக் கை செய்ததை மட்டும் பெருமைப் பட்டியலில் சேர்த்துக்கொள்வது எவ்வளவு வசதி! 2014 அக்டோபரில் மும்பையில் ஒரு மருத்துவமனைத் திறப்பு விழாவில் பிரதமர் மோடி, யானைத் தலையை மனித உடலில் பொருத்திய பிளாஸ்டிக் சர்ஜன் அக்காலத்தில் இருந்திருக்க வேண்டும் என்று பேசினார். பிள்ளையார் வரைக்கும் போனவர்கள், இருநூற்றிச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் புனேயில் மெழுகோடு உட்கார்ந்திருந்த மனிதரிடம் வரவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. 1818இல் பெர்லினில் கிரேஃபே தன் நூலுக்கு ‘ரைனோபிளாஸ்டிக்’ என்று தலைப்பு வைத்தார். களிமண்ணை வனைவதைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது ‘பிளாஸ்டிக்’. அதாவது துறையின் பெயரே குயவரின் தொழில்தான். ஆங்கிலத்து ‘கிராஃப்ட்’டும் அப்படியே. சீவிய குச்சி எழுத்தாணி மாதிரி இருந்ததால், எழுத்தாணிக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து அது பிறந்தது. வனைந்தவர் ஒருவர், எழுத்தாணி பிடித்தவர் இன்னொருவர் என்கிற வரலாறு இவ்விரு சொற்களிலும் இருக்கிறது.

அந்தக் கைக்கு இனி ஒரு பெயரைக் கண்டுபிடித்துச் சூட்டிச் சிலை வைப்பது நம் வேலையல்ல. அது இன்னொரு சுஸ்ருதரை உண்டாக்குவதில்தான் முடியும். ‘நமது பாரம்பரியம்’ என்று ஒரு பழத்தை யாராவது நீட்டும்போது, அது எந்த வேரில் ஒட்டியது, ஒட்டுக்குக் கீழே கிள்ளப்பட்ட துளிர்கள் எவை என்று கேட்பதே நம் வேலை.